தண்ணீர் முதலில், மீன் கடைசியில்: வீட்டில் வண்ண மீன் தொட்டி வைக்க முழுமையான வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னை கொளத்தூர் பக்கம் போனால், தொட்டி, ஸ்டாண்டு, மோட்டார், கலர் கல், தீவனம், மீன் என்று அத்தனையையும் ஒரே மணி நேரத்தில் வாங்கி ஆட்டோவில் ஏற்றிவிடலாம். மதியச் சாப்பாட்டுக்குள் ஹாலில் மீன் நீந்தும். முதல் சில நாள் வீடே தொட்டியைச் சுற்றி நிற்கும். அடுத்த வாரம் தண்ணீர் வெளுத்துக் கலங்கும், மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், ஒவ்வொன்றாகச் செத்து மிதக்கும். "நோய் மீனைத் தலையில் கட்டிவிட்டான்" என்று கடைக்காரருக்குத் திட்டு விழும். பெரும்பாலும் அவர் மேல் தவறே இருக்காது. மீன் வந்த அன்று தொட்டி தயாராக இல்லை, அவ்வளவுதான்.

இந்த வழிகாட்டி நன்னீர் வெப்பமண்டல மீன்களுக்கானது. சென்னை, மதுரை, திருச்சி போன்ற சமவெளி ஊர்களில், 2 அடி தொட்டியோடு புதிதாகத் தொடங்குபவரை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். கடல் மீன் தொட்டி வேறு உலகம். அந்தப் பக்கம் போகவில்லை.

1. உங்கள் வீட்டுக் குழாயில் என்ன வருகிறது?

எந்த மீன் அழகு என்று பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள். போர் தண்ணீரா, மெட்ரோ வாட்டரா, லாரித் தண்ணீரா, இல்லை மூன்றும் கலந்து சம்பில் விழுகிறதா? தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் ஒரு டி.டி.எஸ். மீட்டரும், பி.எச். (அமில, காரத் தன்மை), அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் நான்கையும் பார்க்கும் சொட்டு மருந்து டெஸ்ட் கிட்டும் வாங்கிவிடுங்கள். பிளாஸ்டிக் கோட்டை, ஆக்ஸிஜன் விடும் பொம்மை இதற்கெல்லாம் போகும் காசை இதில் போட்டால் நல்லது.

மீட்டர் இல்லாமலும் ஓரளவு தெரிந்துகொள்ளலாம். பாத்ரூம் குழாயில் வெள்ளைக் கறை படிகிறது, கெய்சர் காயிலில் உப்பு கட்டுகிறது, சோப்பு நுரை வரவில்லை என்றால் உங்களுடையது கடினநீர். சமவெளியில் பெரும்பாலான போர் தண்ணீர் இப்படித்தான், பி.எச். 7.5-க்கு மேல் நிற்கும்.

இதைக் கேட்டதும் பலர் பி.எச். குறைக்கும் மருந்து வாங்க ஓடுவார்கள். வேண்டாம். கடினநீரில் கரைந்திருக்கும் கார்பனேட் உப்புகள் பி.எச்.-ஐப் பிடித்து வைத்திருப்பவை. நீங்கள் மருந்து ஊற்றிக் கீழே இறக்கினால் மறுநாள் அவை மேலே இழுத்துவிடும். இந்த ஏற்ற இறக்கம்தான் மீனைக் கொல்லும். 8.0-இல் நிலையாக நிற்கும் தண்ணீரில் கப்பி மீன் வருஷக்கணக்கில் வாழும். தண்ணீரை மாற்ற முயல்வதைவிட, தண்ணீருக்கு ஏற்ற மீனைத் தேர்ந்தெடுப்பது நூறு மடங்கு எளிது.

ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்றலாமா என்று கேட்பார்கள். சுத்தமாக இருக்கும், ஆனால் அதில் தாது உப்பு ஏறக்குறைய இல்லை. பி.எச்.-ஐப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லாததால் சில வாரங்களில் அது சரிந்துவிடும். போர் தண்ணீர் மிகவும் உப்பாக, டி.டி.எஸ். 1500-ஐத் தாண்டினால், பாதிக்குப் பாதி ஆர்.ஓ. கலந்துகொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் அதே அளவில் கலக்க வேண்டும்.

மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கும். அது மீனின் செவுளை அரிக்கும், ஃபில்டரில் வளரும் நல்ல பாக்டீரியாவையும் கொல்லும். அகலமான வாளியில் பிடித்து ஏர் கல் (ஏர் பம்பின் காற்றைக் குமிழிகளாக விடும் கல்) போட்டு 24 மணி நேரம் விட்டால் சாதாரண குளோரின் வெளியேறிவிடும். ஆன்டி-குளோரின் சொட்டு மருந்து, அதாவது சோடியம் தயோசல்ஃபேட், நிமிடங்களில் இதே வேலையைச் செய்யும். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: சம்பையோ மேல்நிலைத் தொட்டியையோ கழுவிவிட்டு பிளீச்சிங் பவுடர் போடுவார்கள். அந்த வாரம் குழாய்த் தண்ணீரைத் தொட்டிப் பக்கமே கொண்டு போகாதீர்கள்.

2. தொட்டியும் இடமும்

முதல் தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். கணக்குக்கு 56 லிட்டர். கல்லும் மேலே விடும் இடமும் போக 45 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். சின்னத் தொட்டி பராமரிக்கச் சுலபம் என்று நினைப்பது இயல்பு. உண்மை நேர்மாறானது. 10 லிட்டரில் ஒரு மீன் செத்துக் கிடந்தால் மாலைக்குள் தண்ணீர் கெட்டுவிடும். 45 லிட்டரில் நீங்கள் கவனித்துச் சரிசெய்ய ஒரு நாள் கிடைக்கும். உருண்டைக் கண்ணாடி ஜாடியை எந்த மீனுக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

நிரம்பிய தொட்டி கல், கண்ணாடி எல்லாம் சேர்த்து 65 கிலோவைத் தாண்டும். டி.வி. ஸ்டாண்டும் பிளைவுட் மேசையும் அதைத் தாங்காது. இரும்பு ஸ்டாண்டு வையுங்கள். தொட்டிக்கு அடியில் தெர்மோகோல் ஷீட் கட்டாயம். ஸ்டாண்டின் மேடுபள்ளத்தில் கண்ணாடி விரிசல் விடாமல் அது காப்பாற்றும். ரசமட்டம் வைத்துப் பார்த்துவிடுங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்க சிலிகான் மூட்டில் அழுத்தம் கூடும்.

ஜன்னல் வெயில் நேராக விழும் இடம் வேண்டாம். தண்ணீர் சூடாகும், பாசியும் பச்சையாகப் பிடிக்கும். சமையலறையும் வேண்டாம். பிளக் பாயின்ட் பக்கத்திலேயே இருக்கட்டும். ஒயர்கள் பிளக்குக்குக் கீழே ஒருமுறை தொங்கி, அப்புறம் மேலே ஏறி பிளக்கில் சேருகிற மாதிரி விடுங்கள். ஒயர் வழியாக இறங்கும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், சாக்கெட்டுக்குள் போகாது.

வாங்கிய தொட்டியை உடனே ஹாலில் வைக்காமல், மொட்டை மாடியிலோ பால்கனியிலோ ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நிரப்பி வைத்துக் கசிவு பாருங்கள்.

3. ஃபில்டர், ஏர் பம்பு

புதியவருக்கு ஸ்பாஞ்ச் ஃபில்டர்தான் என் தேர்வு. ஏர் பம்பில் ஓடும், விலை குறைவு, குட்டி மீனை உறிஞ்சிக்கொள்ளாது, கெட்டுப்போக அதில் ஒன்றும் இல்லை. பார்க்க அழகாக இருக்காது, உண்மைதான். ஒரு செடிக்குப் பின்னால் மறைத்துக்கொள்ளலாம். மோட்டார் வைத்த இன்டர்னல் ஃபில்டரும் நல்லதுதான், ஆனால் 2 அடி தொட்டிக்குப் பெரிய மோட்டார் வாங்கினால் கப்பி நாள் முழுக்க நீரோட்டத்தை எதிர்த்து நீந்திக் களைத்துப்போகும்.

ஏர் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழேதான் வைக்க முடியும் என்றால் குழாயின் நடுவில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போன நேரத்தில் தொட்டித் தண்ணீர் குழாய் வழியே திரும்பி இறங்கி, பம்புக்குள்ளும் தரையிலும் நிற்கும். சின்னப் பிளாஸ்டிக் வால்வு அது, விலையும் சொற்பம்.

பம்பு அறைக் காற்றைத்தான் உறிஞ்சித் தண்ணீருக்குள் தள்ளுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். கொசு விரட்டி மெஷின், கரப்பான் ஸ்பிரே இவற்றில் உள்ள பைரெத்ராய்டு வகை மருந்துகள் நமக்குக் கொஞ்சம், மீனுக்கு மிக அதிகமான விஷம். தொட்டி இருக்கும் அறையில் ஸ்பிரே அடிக்கவே கூடாது. கொசு மெஷினை வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள்.

ஹீட்டர் வேண்டுமா? ஊட்டி, கொடைக்கானல், ஏற்காட்டில் கட்டாயம். சமவெளியில் வருஷத்தில் பத்து மாதம் தேவைப்படாது. ஆனால் கார்த்திகை, மார்கழி இரவுகளில் தொட்டி 23 டிகிரி வரை இறங்கும். பகலில் ஏறும், இரவில் மறுபடி இறங்கும். வெள்ளைப்புள்ளி நோய் அதிகமாக வருவது அந்த மாதங்களில்தான். லிட்டருக்கு 1 வாட் கணக்கில் 50 வாட் ஹீட்டர் ஒன்றை 26-இல் வைத்து, அந்த இரண்டு மாதம் மட்டும் ஓடவிட்டால் போதும். தண்ணீர் மாற்றும்போது முதலில் ஹீட்டரை அணைத்துவிடுங்கள்; தண்ணீர் இறங்கி வெளியே தெரியும் சூடான கண்ணாடி வெடித்துவிடும்.

4. கல், செடி, விளக்கு

ஆற்று மணலோ சிறு கூழாங்கல்லோ, ஒன்றரை அங்குலத்திலிருந்து 2 அங்குலம் வரை. வாளியில் போட்டு, அலசி ஊற்றும் தண்ணீர் தெளியும் வரை கழுவுங்கள். சோப்பு எந்தக் கட்டத்திலும் கூடாது. கடற்சிப்பி, பவளத் துண்டு, மார்பிள் சில்லு இவை மெல்லக் கரைந்து கடினத்தன்மையைக் கூட்டும். சந்தேகமான கல் மேல் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல்.

உயிர்ச் செடி வையுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம். ஹார்ன்வொர்ட், ஹைட்ரில்லா, வாலிஸ்னேரியா மூன்றும் கடினநீரிலும் வெயிலிலும் தாங்கும், மீன் கழிவிலிருந்து வரும் நைட்ரஜனை உறிஞ்சும். ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் இரண்டையும் மண்ணில் புதைக்காமல் கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்ட வேண்டும். கிழங்கு மண்ணுக்குள் போனால் அழுகிவிடும். எல்.இ.டி. விளக்கு ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம். அதற்கு மேல் எரிந்தால் பாசிக்குத்தான் கொண்டாட்டம்.

கல் போட்டு, மேலே ஒரு தட்டு வைத்து, அதன் மேல் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். மேலிருந்து 2 அங்குலம் விடுங்கள். ஃபில்டரை ஓடவிடுங்கள். தொட்டி அழகாகத் தெரியும். மீன் கடைக்கு இன்னும் போகக் கூடாது.

5. மீன் இல்லாத 4 முதல் 6 வாரம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். மீதமான தீவனமும் கழிவும் அழுகி இன்னும் அம்மோனியா சேரும். ஆற்றில் அது அடித்துக்கொண்டு போய்விடும். தொட்டியில் போக வழியில்லை. ஒருவகை பாக்டீரியா இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் விஷம்தான்; ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமப்பதைத் தடுக்கும். இன்னொரு வகை பாக்டீரியா நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு ஆபத்தில்லை, வாராவாரம் தண்ணீர் மாற்றினால் கட்டுக்குள் இருக்கும். இந்த இரண்டு பாக்டீரியாவும் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டி வளர்பவை. புதிய தொட்டியில் அவை கிடையாது. இதைத்தான் 'சைக்கிள்' ஆகாத தொட்டி என்கிறார்கள்.

நம் ஊர்க்காரர்கள் கூடுதலாகக் கவலைப்பட ஒரு காரணம் உண்டு. தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவில் இருக்கும், அதில் ஒன்றுதான் கடும் விஷம். 30 டிகிரியில், பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் 1 சதவீதத்துக்கும் குறைவாகவே விஷ வடிவில் இருக்கும். பி.எச். 8 ஆனால் அது 7 சதவீதத்தைத் தாண்டும். அதாவது, குளிர்நாட்டு மென்நீர்த் தொட்டியில் மீன் தாங்கிக்கொள்ளும் அதே அம்மோனியா, நம் போர் தண்ணீரில் கிட்டத்தட்ட பத்து மடங்கு கொடுமையானது. இணையத்தில் வெளிநாட்டவர் சொல்லும் "கொஞ்சம் அம்மோனியா இருந்தால் பரவாயில்லை" என்ற ஆறுதல் நமக்குப் பொருந்தாது.

சரி, பாக்டீரியாவை எப்படி வளர்ப்பது? மீன் இல்லாத தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை தீவனம் போடுங்கள். அல்லது ஒரு பச்சை இறாலை நைலான் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். நாற்றம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். அது அழுகி அம்மோனியா வரும். ஃபில்டர் இரவும் பகலும் ஓட வேண்டும்.

இரண்டு நாளைக்கு ஒருமுறை டெஸ்ட் செய்யுங்கள். பரவலாகக் கிடைக்கும் கிட்டுகளில் அம்மோனியா டெஸ்ட் மஞ்சளாக இருந்தால் பூஜ்யம், கூடக்கூடப் பச்சையாகும். நைட்ரைட் டெஸ்ட் வெளிர்நீலத்தில் தொடங்கி ஊதாவுக்குப் போகும். முதல் வாரம் டெஸ்ட் குழாயில் பச்சை மட்டும் தெரியும். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் பச்சை வெளுக்கத் தொடங்கும், நைட்ரைட் குழாய் திடீரென அடர் ஊதா ஆகும். பல நாள் அப்படியே நிற்கும். எதுவும் நடக்கவில்லை என்று தோன்றி எல்லாரும் பொறுமை இழப்பது இந்தக் கட்டத்தில்தான். பிறகு ஒருநாள் ஊதா மறைந்து வெளிர்நீலம் திரும்பும், நைட்ரேட் மட்டும் ஏறியிருக்கும். தீவனம் போட்ட மறுநாளும் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டினால் தொட்டி தயார். பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு மீன் வாங்கப் போகலாம்.

குறுக்குவழி ஒன்று உண்டு, நேர்மையானதும்கூட. நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் அவருடைய ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேளுங்கள். காயவிடாமல், தொட்டித் தண்ணீரிலேயே வைத்துக் கொண்டுவந்து உங்கள் ஃபில்டரில் செருகிவிட்டால் வாரக்கணக்கு பாதிக்குப் பாதி குறையும். பாட்டிலில் விற்கும் பாக்டீரியா சிலது வேலை செய்யும், சிலது செய்யாது. ஊற்றினாலும் டெஸ்ட் செய்யாமல் நம்ப வேண்டாம். நம் ஊர் வெப்பம் இந்த விஷயத்தில் நமக்குச் சாதகம். 28-30 டிகிரியில் இந்த பாக்டீரியாக்கள் வேகமாகப் பெருகும்.

ஏற்கெனவே மீன் வாங்கித் தொட்டியில் விட்டுவிட்டீர்களா? தினமும் கால் பங்கு தண்ணீரை, குளோரின் நீக்கி, மாற்றுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் மட்டும், அதுவும் துளி தீவனம். லிட்டருக்கு 1 கிராம் கல் உப்பு சேர்த்தால் அதிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக உள்ளே போவதைக் குறைக்கும். பல வாரம் இப்படி ஓட்ட வேண்டியிருக்கும், ஆனால் மீன் பிழைக்கும்.

6. எந்த மீன்?

கடினநீர் என்றால் யோசிக்கவே வேண்டாம்: குட்டி போடும் மீன்கள். கப்பி, பிளாட்டி, மோலி, வாள்வால் என்று நால்வரும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவர்கள். உப்பும் சுண்ணாம்பும் உள்ள தண்ணீர் இவர்களுக்குப் பிடிக்கும். சென்னைக் கடைகளில் விற்கும் இந்த மீன்களில் பெரும்பங்கு கொளத்தூர், மாதவரம், பொன்னேரி வட்டாரத்தில் மொட்டை மாடித் தொட்டிகளிலும் குளங்களிலும் உள்ளூர்த் தண்ணீரிலேயே வளர்ந்தவை என்பதும் ஒரு வசதி. வெளிநாட்டுக் கப்பியைவிட உள்ளூர்க் கப்பிக்கு வால் கொஞ்சம் சின்னதாக இருந்தாலும் ஆயுள் கெட்டி.

45 லிட்டருக்கு 6 ஆண் கப்பியும் 3 பிளாட்டியும் போதும். தொட்டி வெறிச்சோடித் தெரியும், அப்படியே விடுங்கள். ஆண், பெண் சேர்த்து வைத்தால் ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்று வையுங்கள். இல்லாவிட்டால் ஆண்கள் துரத்தியே பெண்ணைக் களைக்க வைத்துவிடும்.

வேறு வகை வேண்டும் என்றால் இலங்கையின் தென்மேற்கு ஓடைகளைச் சொந்த ஊராகக் கொண்ட செர்ரி பார்ப் 8 வாங்கலாம். சாதுவானது, கூட்டமாக வைத்தால் ஆண்கள் செக்கச்செவேலென்று நிறம் காட்டும். கங்கைச் சமவெளியின் ஹனி கௌராமி ஒரு ஜோடி, ஜீப்ரா டேனியோ ஆறேழு, இவை நம் நாட்டு மீன்கள், தாக்குப்பிடிப்பவை. டைகர் பார்ப் பார்க்க அழகு, ஆனால் கப்பியின் வாலைக் கடித்துக் குதறிவிடும்.

நியான் டெட்ரா, டிஸ்கஸ் இரண்டும் அமேசான் மென்நீர்ப் பிறவிகள். நியான் டெட்ராவுக்கு 30 டிகிரி வெயிலும் ஒத்துக்கொள்ளாது. பின்னால் பார்த்துக்கொள்ளலாம். ஃபைட்டர் எனப்படும் பீட்டா ஆண் ஒன்றுக்குத் தனித்தொட்டி, 15 லிட்டராவது. மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு அதற்கு இருப்பதால் டம்ளரில்கூடச் சாகாமல் கிடக்கும். அதை வாழ்வது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கடையில் ஆசைகாட்டும், ஆனால் 2 அடி தொட்டிக்கு வரவே கூடாத சிலரைச் சொல்லிவிடுகிறேன். 'டேங்க் கிளீனர்' என்று கையில் திணிக்கப்படும் சக்கர் மீன் விரல் நீளத்தில் வந்து ஒரு அடியைத் தாண்டி வளரும். அது சுத்தம் செய்வதைவிடப் போடும் கழிவு அதிகம். 'ஷார்க்' குட்டி சுறாவே இல்லை. மார்க்கெட்டில் முள்ளில்லாத பாசா என்று துண்டு போட்டு விற்கிறார்களே, பெரும்பாலும் அதே பங்காசியஸ் கெளுத்திதான். ஒரு மீட்டர் வரை வளரும். ஆஸ்கர் ஒரு அடி. வாஸ்துவுக்காக வாங்கப்படும் அரோவானாவுக்கு இந்தத் தொட்டியில் திரும்பக்கூட இடம் இருக்காது. கோல்டு ஃபிஷ் குளிர்நீர் மீன், கழிவும் மிக அதிகம். மிஸ் கேரளா என்ற டெனிசன் பார்ப் மேற்குத் தொடர்ச்சி மலையின் குளிர்ந்த ஓடைகளில் வாழ்வது. காட்டில் அழியும் நிலையில் இருப்பது. நம் வெயிலில் அதை வைப்பது அதற்கும் நல்லதில்லை, நமக்கும் நல்லதில்லை. உடம்பில் பளீரென்று இளஞ்சிவப்பு, பச்சைக் கோடு தெரியும் கண்ணாடி மீன் பார்த்தால் நகர்ந்துவிடுங்கள். ஊசியால் சாயம் ஏற்றப்பட்டது அது.

கடையில் மீனை மட்டும் பார்க்காதீர்கள், அது இருக்கும் தொட்டியைப் பாருங்கள். ஒரு மீன் செத்துக் கிடந்தாலும் அந்தத் தொட்டியிலிருந்து எதுவும் வேண்டாம். துடுப்பை மடக்கிக்கொண்டு ஓரமாக நிற்பது, வயிறு உள்ளே ஒட்டியிருப்பது, கல்லில் உடம்பை உரசுவது மூன்றும் நோயின் அறிகுறி. வாங்கும் முன் கொஞ்சம் தீவனம் போடச் சொல்லுங்கள். பாய்ந்து வந்து தின்னும் மீனை வாங்குங்கள்.

7. கவரிலிருந்து தொட்டிக்கு

முதல் முறை மூன்று நான்கு மீன் மட்டும். இரண்டு வாரம் கழித்து அடுத்தது. ஃபில்டரின் பாக்டீரியா அந்தச் சுமைக்குத் தகுந்தபடி பெருக நேரம் வேண்டும்.

விளக்கை அணைத்துவிட்டு, கவரை மூடியபடியே 15-20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிடுங்கள். பிறகு கவரைத் திறந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அரை டம்ளர் தொட்டித் தண்ணீர் சேருங்கள். நான்கைந்து முறை செய்த பின், மீனை வலையால் பிடித்துத் தொட்டியில் விடுங்கள். கவரில் இருந்த தண்ணீர் வாஷ்பேசினுக்கு. கடையின் நோய்க்கிருமி அதோடு போகட்டும். அன்று தீவனம் வேண்டாம்.

8. தீவனம்

மீன் பசியால் சாவது அரிது. நாம் அன்பாகப் போடும் தீவனத்தால் சாவது தினசரி நடப்பது. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு, ஒரு நாளைக்கு இரண்டு முறை. கீழே விழுந்து கிடந்தால் அதிகம் போட்டுவிட்டீர்கள். வாரத்தில் ஒருநாள் பட்டினி. குழந்தைகள் உள்ள வீட்டில் டப்பாவை ஒளித்து வைப்பது ஒன்றே வழி. "பாவம், பசிக்குது" என்று ஆளுக்கொரு பிடி போடுவார்கள்.

கொசுப்புழு கிடைத்தால் அதைவிட நல்ல தீவனம் கப்பிக்குக் கிடையாது. டியூபிஃபெக்ஸ் புழு சாக்கடை நீரில் வளர்வது, கிருமியோடு வரும். உறையவைத்த ஆர்ட்டீமியா (பொடி இறால் வகை) பாதுகாப்பானது.

9. வாராவாரம் அரை மணி நேரம்

கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். ட்யூபின் ஒரு முனையைக் கல்லுக்குள் விட்டு, மறு முனையைக் கீழே உள்ள வாளியில் விட்டு உறிஞ்சினால் அடியில் தங்கிய கழிவு அதோடு வரும். புதுத் தண்ணீர் குளோரின் நீக்கப்பட்டதாக, தொட்டியின் அதே வெப்பத்தில் இருக்க வேண்டும். மே மாத மதியத்தில் மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் கொதிக்கும். காலையிலேயே பிடித்து ஆறவையுங்கள். லாரித் தண்ணீர் வாங்கும் வீடுகளில் ஒவ்வொரு லோடும் வேறு கிணற்றிலிருந்து வரலாம். டி.டி.எஸ். பார்க்காமல் ஊற்றாதீர்கள். வித்தியாசம் அதிகம் என்றால் ஒரேயடியாக மாற்றாமல் நான்கு நாளாகப் பிரித்து மாற்றுங்கள்.

ஆவியாகிக் குறைந்த தண்ணீரை நிரப்புவது வேறு, மாற்றுவது வேறு. ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு உள்ளேயே தங்கும். கோடையில் அந்தக் குறையை ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்பினால் டி.டி.எஸ். ஏறாது.

ஸ்பாஞ்ச் அடைத்தால், தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் அமுக்கிப் பிழியுங்கள். குழாய்க்கடியில் பளிச்சென்று கழுவினால் ஆறு வாரம் காத்து வளர்த்த பாக்டீரியா சாக்கடைக்குப் போய்விடும். தொட்டியை முழுதாகக் காலி செய்து கல்லையெல்லாம் தேய்த்துக் கழுவும் மாதாந்திர 'சுத்தம்' வேண்டவே வேண்டாம். பழைய தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றுங்கள், நைட்ரேட் உரம்தானே. உப்பு சேர்த்த தண்ணீர் என்றால் மட்டும் செடிக்கு வேண்டாம்.

10. வெயிலும் கரண்ட் கட்டும்

25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்ஸிஜனைப் பிடித்து வைக்கும். 32 டிகிரியில் 7.3 தான். மீனுக்கோ வெப்பம் கூடக்கூட ஆக்ஸிஜன் தேவை அதிகம். அதனால் கத்திரி வெயிலில் தண்ணீரின் மேற்பரப்பு அசைந்துகொண்டே இருக்க வேண்டும். மூடியைத் திறந்து, மேலே வலை போட்டு, ஒரு சின்ன மின்விசிறியைத் தண்ணீர்ப் பரப்பில் வீசவிடுங்கள். ஆவியாவதால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஐஸ் கட்டி போடாதீர்கள். சட்டென்று குளிர்ந்து மறுபடி ஏறுவது வெயிலைவிட மோசம்.

கரண்ட் போனால் மீன் கூட்டம் குறைவான தொட்டி சில மணி நேரம் தாங்கும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்பு ஒன்று கையில் இருக்கட்டும். அதுவும் இல்லையென்றால் டம்ளரில் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருங்கள். அந்த நேரத்தில் தீவனம் கூடாது.

11. மீன் சோர்ந்தால்

முதலில் மருந்து இல்லை, டெஸ்ட் கிட். அம்மோனியாவோ நைட்ரைட்டோ காட்டினால் தண்ணீரை மாற்றுங்கள். பாதி 'நோய்' அதிலேயே போய்விடும். விடியற்காலையில் மட்டும் மேலே வந்து மூச்சு வாங்கினால் ஆக்ஸிஜன் குறைவு. இரவில் செடியும் ஆக்ஸிஜனை எடுக்கும். ஏர் பம்பை இரவிலும் ஓடவிடுங்கள்.

உடம்பிலும் துடுப்பிலும் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் வெள்ளைப்புள்ளி நோய். இந்த ஒட்டுண்ணி தோலுக்குள் இருக்கும்போது மருந்து அதைத் தொடாது. முதிர்ந்து கீழே விழுந்து, நூற்றுக்கணக்கில் பிரிந்து, அடுத்த மீனைத் தேடி நீந்தும் ஓரிரு நாள்தான் அது மாட்டும். ஹீட்டரால் மெல்ல 30 டிகிரிக்கு ஏற்றினால் இந்தச் சுழற்சி வேகமாகும். லிட்டருக்கு 2 கிராம் அயோடின் இல்லாத கல் உப்பைக் கரைத்துச் சிறிது சிறிதாகச் சேருங்கள். காற்று கூடுதலாக விடுங்கள். குறையவில்லை என்றால் மாலகைட் கிரீன் உள்ள மருந்தை லேபிள் அளவுப்படி போடுங்கள். இது விஷம், வெறுங்கையால் தொட வேண்டாம். புள்ளி மறைந்தவுடன் நிறுத்திவிடுவார்கள், பத்து நாளில் திரும்ப வரும். மறைந்த பிறகும் ஒரு வாரம் தொடருங்கள்.

எல்லாவற்றுக்கும் கொடுக்கப்படும் அந்த நீல மருந்து, மெத்திலீன் புளூ, நல்ல மருந்துதான். ஆனால் தனி டப்பில் வைத்துப் போடுங்கள். தொட்டியில் ஊற்றினால் ஃபில்டர் பாக்டீரியா அடிவாங்கும், செடியும் கெடும், சிலிகான் என்றென்றைக்கும் நீலமாகிவிடும்.

12. குட்டிகள், அப்புறம் ஊருக்குப் போவது

கப்பிப் பெண் ஏறக்குறைய மாதம் ஒருமுறை குட்டி போடும். ஆணே இல்லாவிட்டாலும், முன்பு சேமித்த விந்தணுவை வைத்து மாதக்கணக்கில் போடும். அடர்ந்த ஹார்ன்வொர்ட் இருந்தால் சில தப்பிக்கும், மற்றவற்றை அம்மாவே தின்றுவிடும். தொட்டி நிரம்பினால் அக்கம்பக்கத்தில் கொடுங்கள், கடையில் திருப்பிக் கொடுங்கள். ஏரியிலோ கிணற்றிலோ விடாதீர்கள். இப்படி யாரோ விட்ட சக்கர் மீன்தான் இன்று நம் நீர்நிலைகளில் பெருகி, மீன்பிடி வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறீர்களா? நான்கைந்து நாள் என்றால் வளர்ந்த மீனுக்கு எதுவும் போட வேண்டாம், தாங்கும். போவதற்கு இரண்டு நாள் முன் தண்ணீர் மாற்றிவிடுங்கள். கிளம்பும் அன்று எதையும் புதிதாகச் செய்யாதீர்கள். பத்து நாள் என்றால் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, ஒவ்வொரு வேளைக்கும் தனித்தனியாகக் காகிதத்தில் மடித்து, மேலே தேதி எழுதிக் கொடுங்கள். தீவன டப்பா அவர் கண்ணில் படக் கூடாது. வீட்டைப் பூட்டும்போது மெயினை அணைக்கும் பழக்கம் உள்ளவர்கள், மெயின் மேலும் ஏர் பம்புக்குப் போகும் சுவிட்சின் மேலும் ஒரு டேப் ஒட்டி, வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வையுங்கள்.